‘இரத்தம் குறைவு’ என்பது நோயின் பெயரன்று

சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப்பொழுதில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்துக்கொண்டு அவளுடைய தாயும் பாட்டியும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தனர். தாய் ஒரு துணிப்பையிலிருந்து காலி மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையின்மேல் வரிசையாக வைத்தார். பதினான்கு பாட்டில்கள். அனைத்தும் இரும்புச்சத்து சிரப்புகள். “ஒன்றரை வருடமாக ஒரு நாள்கூடத் தவறாமல் கொடுத்திருக்கிறேன், டாக்டர். யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதான் பாட்டில்களை எறியாமல் வைத்திருந்தேன்” என்றார். “ஒழுங்காகக் கொடுத்திருந்தால் இரத்தம் ஏறியிருக்காதா?” என்று பாட்டி மெதுவாகக் கேட்டார்.

அந்தக் குழந்தையின் பழைய பரிசோதனைச் சீட்டுகளைப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.6, பிறகு 9.8, பிறகு 9.5, மீண்டும் 9.7. ஒவ்வொரு சீட்டின் கீழும் ஒரே சொற்கள்: ‘இரத்தம் குறைவு, சிரப் தொடரவும்.’ தாய் பொய் சொல்லவில்லை. மருந்தும் போலியானதன்று. அந்தக் குழந்தைக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லை என்பதுதான் உண்மை. அவளுக்கு இருந்தது தலசீமியா மைனர் என்னும் பிறவிப் பண்பு. ஒன்றரை ஆண்டுகளாக நாம் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம்.

‘நாம்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. ‘இரத்தம் குறைவு’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டவுடன் விசாரணையை முடித்துவிடும் பழக்கம் குடும்பங்களிடம் மட்டுமன்று, மருத்துவர்களாகிய எங்களிடமும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை நாம் இருவரும் சேர்ந்து கைவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள். இரத்தம் குறைவு என்பது விடையன்று. அது ஒரு கேள்வி. ஏன் குறைந்தது என்று கேட்ட பிறகுதான் மருத்துவம் தொடங்குகிறது.

எண் சொல்வது என்ன?

சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதமே நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் கொண்டு சேர்க்கிறது. இரண்டு முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அது ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழும், ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5 கிராமுக்குக் கீழும், பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரை 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை என்கிறோம். பிறந்த குழந்தைக்கு இந்த அளவு மிக அதிகமாக இருக்கும். இரண்டு மூன்று மாதங்களில் இயல்பாகவே இறங்கிப் பின்னர் ஏறும். ஆகவே எண்ணை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் அது 57.4 விழுக்காடு. இவ்வளவு பரவலான ஒன்று எளிதில் சாதாரணமாகத் தோன்றிவிடுகிறது. ‘எல்லாக் குழந்தைகளுக்கும் இருப்பதுதானே’ என்ற ஆறுதல் அங்கிருந்துதான் பிறக்கிறது. பரவலாக இருப்பது வேறு. இயல்பாக இருப்பது வேறு.

இரத்தம் குறைவதற்கு மூன்றே வழிகள் உண்டு. உடல் போதிய அளவு உற்பத்தி செய்யவில்லை. அல்லது உற்பத்தியான அணுக்கள் விரைவில் அழிகின்றன. அல்லது இரத்தம் எங்கோ கசிந்து வெளியேறுகிறது. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறையவில்லை என்றால், குழாயில் வரத்து குறைவா, தொட்டியில் ஓட்டையா என்று பார்க்காமல் மேலும் மேலும் குடத்தால் ஊற்றிக்கொண்டிருப்போமா? குழந்தையின் இரத்தத்திற்கும் அதே விவேகம் வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளின் கதை

முதலில் மிகப் பொதுவான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் குழந்தைகளின் இரத்தசோகைக்கு முதன்மையான காரணம் இரும்புச்சத்துக் குறைவே. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை, தாயிடமிருந்து பெற்ற இரும்புச் சேமிப்போடு ஏறத்தாழ ஆறு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் அந்தச் சேமிப்பு அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆறு மாதம் நிறைந்தபின் இணையுணவு தொடங்கத் தாமதமானால் இரத்தசோகை அங்கிருந்து ஆரம்பிக்கிறது.

அடுத்து, பால். ‘சோறு சாப்பிட மாட்டான், நான்கு வேளையும் பால் குடித்துவிடுவான்’ என்று பெருமையாகச் சொல்லும் பெற்றோரை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவிலுள்ள இரும்பைக் குடல் ஈர்ப்பதையும் அது தடுக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும். ஆகவே ஒரு வயது வரை பசும்பாலை முதன்மை உணவாகத் தர வேண்டாம். அதன்பின் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

‘பச்சரிசி தின்றால் சோகை வரும்’ என்று பாட்டிமார் அதட்டுவதுண்டு. உண்மை பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: சோகை வந்ததனால்தான் குழந்தை பச்சரிசியையும் மண்ணையும் சிலேட்டுக் குச்சியையும் தேடுகிறது. அது குறும்பன்று, அறிகுறி. அந்தக் குழந்தையை அடிக்காதீர்கள், அழைத்து வாருங்கள்.

உணவைப் பொறுத்தவரை ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். பீட்ரூட்டின் சிவப்பும் மாதுளையின் சிவப்பும் இரத்தத்தின் சிவப்பல்ல. அவை நல்ல உணவுகளே. ஆனால் இரும்புச்சத்துக்காக அவற்றை நம்பியிருக்க முடியாது. ஈரல், இறைச்சி ஆகியவற்றிலுள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். சைவ உணவு உண்போர் முருங்கைக்கீரை, கம்பு, கேழ்வரகு, பயறு வகைகள் ஆகியவற்றை நம்பலாம். பயற்றையும் கேழ்வரகையும் முளைகட்டினால் இரும்பு ஈர்க்கப்படுவது கூடும். உணவோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்றவை சேர்ந்தால் மேலும் கூடும். சாப்பாட்டோடு தேநீரோ காபியோ சேர்ந்தால் குறையும். இவையெல்லாம் இரத்தசோகையைத் தடுக்கும் வழிகள். வந்துவிட்ட இரத்தசோகையை உணவு மட்டுமே தீர்க்காது, மருந்து வேண்டும்.

மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். குழந்தையின் எடைக்கேற்ற அளவில், பாலோடு கலக்காமல் கொடுக்க வேண்டும். மலம் கறுத்துப் போவது இயல்பு; அதைக் கண்டு நிறுத்த வேண்டியதில்லை. பற்களில் கறை படியாமல் இருக்க நாவின் பின்பகுதியில் ஊற்றிப் பின்னர் வாயைக் கொப்பளிக்கச் செய்யலாம். ஹீமோகுளோபின் சரியான அளவை எட்டியதும் நிறுத்திவிடாமல் மேலும் இரண்டு மூன்று மாதங்கள் தொடர வேண்டும். முதலில் நிறைவது இரத்தம். சேமிப்புக் கிடங்கு நிறைவது அதன் பிறகுதான். இன்னொன்று: இரும்பு மருந்தை அளவுக்கு மீறிக் குடித்தால் அது குழந்தைக்கு உயிராபத்தான நஞ்சாகும். பாட்டிலைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள்.

அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசு தரும் இரும்புச்சத்து மருந்தையும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையையும் ‘இலவசம்தானே’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தை உறிஞ்சுகிறது. வெறுங்காலோடு நடக்கும் மண்ணிலிருந்துதான் அது உடலுக்குள் நுழைகிறது.

மருந்து வேலை செய்யாதபோது

சரியான அளவில் ஒழுங்காகக் கொடுக்கப்படும் இரும்பு மருந்து நான்கு வாரங்களில் ஹீமோகுளோபினை ஏறத்தாழ ஒரு கிராம் உயர்த்த வேண்டும். உயரவில்லை என்றால் அடுத்த பாட்டிலை வாங்குவது விடையாகாது. மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். மருந்து உண்மையில் உள்ளே போகிறதா? இரத்தம் எங்கேனும் கசிகிறதா? நாம் எண்ணிய காரணம் சரிதானா?

2016–18இல் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 விழுக்காட்டினருக்கு இரத்தசோகையும், 32 விழுக்காட்டினருக்கு இரும்புச்சத்துக் குறைவும் காணப்பட்டன. இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே போதும். வைட்டமின் பி12 குறைந்தாலும் இரத்தம் குறையும். முற்றிலும் சைவ உணவு உண்ணும், பாலும் மிகக் குறைவாகவே அருந்தும் தாயின் கைக்குழந்தை, விரல் கணுக்கள் கறுத்து, கற்ற செயல்களை மறந்து சோர்ந்து கிடந்தால் அதை உடனே ஐயுற வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு, சில மருந்துகளாலும், துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையின் நெடியாலும்கூடச் சிவப்பணுக்கள் திடீரென உடைந்து மஞ்சள்காமாலை வரலாம். பச்சிளங்குழந்தையின் துணிகளோடு அந்துருண்டை வைக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட சிறுமிக்கு விடை அவளுடைய பழைய சீட்டுகளிலேயே இருந்தது. அவளுடைய சிவப்பணுக்கள் அளவில் மிகச் சிறியவை. ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை, மிகுதியாகவே இருந்தன. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மைனரில் அணுக்கள் சிறுத்தாலும் எண்ணிக்கை கூடும். சாதாரண முழு இரத்த அணுப் பரிசோதனைச் சீட்டிலேயே இந்தக் குறிப்பு கிடைத்துவிடும். உறுதிசெய்ய ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை வேண்டும். அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டிற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தலசீமியா மைனர் என்று கொள்கிறோம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் அவளுக்குப் பார்த்தோம். அது நிறைவாகவே இருந்தது.

தலசீமியா மைனர் நோயன்று. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகலாம், ஓடலாம், நீண்ட நாள் நலமாக வாழலாம். தேவையின்றி இரும்பு மருந்து கொடுக்காதிருந்தால் போதும். ஆனால் அந்தப் பண்பைக் கண்டறிந்தவுடன் இன்னொரு கேள்வி எழுகிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது.

அறிய வேண்டிய நேரம்

அந்தத் தாய் அப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. அதை அவர் சொன்னபோது அறையில் எனக்கு மட்டுமே அதன் பொருள் விளங்கியது. குழந்தைக்கு அந்தப் பண்பு பெற்றோரில் ஒருவரிடமிருந்தேனும் வந்திருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அச்சமில்லை. இருவரிடமும் இருந்தால், ஒவ்வொரு கருவுறுதலிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிறக்கும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் என்னும் கடும் நோய் வருவதற்கு உண்டு. முதல் குழந்தை நலமாக இருப்பது இரண்டாவது குழந்தைக்கு உறுதிமொழியாகாது. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான்.

தலசீமியா மேஜர் உள்ள குழந்தை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளுத்துப்போய், மண்ணீரல் வீங்கி வந்து சேரும். அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அதை வெளியேற்றும் வழி நம் உடலுக்கு இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் தங்கிவிடாமல் இருக்க, இரும்பை அகற்றும் மருந்தை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இரத்தத்திற்காக ஏங்கும் அந்தக் குழந்தைகளே இரும்பின் மிகுதியால் துன்புறுகிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘இரத்தம் குறைவு என்றால் இரும்பு கொடு’ என்ற எளிய வாய்பாடு எவ்வளவு பிழையாகக்கூடும் என்பது விளங்கும். பொருத்தமான கொடையாளர் கிடைத்தால், எலும்பு மச்சை மாற்று சிகிச்சையால் பல குழந்தைகளை முழுமையாகக் குணப்படுத்த முடிகிறது. எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

அன்று மாலையே கணவரை வரவழைத்தோம். தாயிடம் அந்தப் பண்பு இருந்தது. கணவரிடம் இல்லை. அந்த முடிவு வந்த நாளில் அவர்கள் இருவரும் விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அவரிடமும் இருந்திருந்தால், பத்து முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் கருவின் திசுவைச் சோதிக்க நமக்குச் சில நாள்களே எஞ்சியிருக்கும். இந்த மருத்துவமனையில் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் குழந்தைகளின் பெற்றோரில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: “இப்படி ஒரு பரிசோதனை இருப்பதை எங்களுக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே, ஏன்?” அதற்கு என்னிடம் நல்ல விடை இருந்ததில்லை.

ஆகவே என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். சாதகப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில் இரத்தப் பரிசோதனைக்கும் ஓர் இடம் வேண்டும். அது இயலாவிட்டால், கர்ப்பத்தின் முதல் சில வாரங்களிலேனும் செய்யப்பட வேண்டும். சைப்ரஸ் என்ற சிறு தீவு நாட்டில் இந்தப் பண்பு மிகப் பரவலாக இருந்தது. திருமணத்திற்கு முன் பரிசோதனையும் ஆலோசனையும் என்ற ஏற்பாட்டால் அங்கு புதிதாகத் தலசீமியா மேஜரோடு பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை உருவானது. யாருடைய திருமணத்தையும் தடுப்பது இதன் நோக்கமன்று. தெரிந்து முடிவெடுக்கும் உரிமையைத் தம்பதியருக்குத் தருவதே நோக்கம்.

கதிர் அரிவாள் அணுச் சோகைக்கும் இது பொருந்தும். இந்தியாவில் அந்தப் பண்பு முதன்முதலில் பதிவானதே நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையேதான், ஆண்டு 1952. பழங்குடி மக்கள் மிகுந்த பகுதிகளில் அதைக் கண்டறிய 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டுள்ளது. உங்கள் ஊருக்கு அந்தப் பரிசோதனை முகாம் வந்தால் தயங்காமல் சென்று சோதித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பாட்டிமாரிடம் ஒரு வார்த்தை. மரபணுவில் குற்றம் என்று ஒன்று இல்லை. மருமகளின் வழியாகவும் வரலாம், மகனின் வழியாகவும் வரலாம். கடும் நோயாக வர இருவரும் வேண்டும். குழந்தை வெளுத்திருப்பதற்குத் தாயின் கைப்பக்குவத்தைப் பழிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பதினான்கு காலிப் பாட்டில்களைச் சாட்சிக்குச் சேர்த்து வைக்கும் நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

இரத்தம் ஏற்றுவது சத்து ஏற்றுவதன்று

‘ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றிவிட்டால் பிள்ளை தெளிந்துவிடுவான்’ என்ற வேண்டுகோளும் அடிக்கடி வருகிறது. இரும்புச்சத்துக் குறைவுள்ள குழந்தை, எண் குறைவாக இருந்தாலும், மூச்சுத்திணறலோ இதயத் தளர்ச்சியோ இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் வாய்வழி மருந்தாலேயே தேறிவிடும். மெல்ல மெல்லக் குறைந்த இரத்தத்திற்கு உடல் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கும். அவசரமாக ஏற்றினால் இதயம் திணறக்கூடும். நாங்கள் ஏற்றவில்லை என்றால் அது அலட்சியமன்று. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று நாங்கள் சொன்னால், அச்சமின்றி ஒப்புக்கொள்ளுங்கள்.

காத்திராமல் வர வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடை சிரப்போடு நாள்களைக் கடத்த வேண்டாம்:

வெளுப்போடு நீடிக்கும் காய்ச்சல், எலும்பு வலி, கழுத்திலோ அக்குளிலோ கட்டிகள், அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள், தோலில் சிவப்புப் புள்ளிகள், நிற்காத மூக்கு அல்லது ஈறு இரத்தக்கசிவு, கண்களில் மஞ்சள், தேநீர் நிறத்தில் சிறுநீர், வயிற்றின் இடப்பக்கம் வீக்கம், பால் குடிக்கும்போது மூச்சிரைப்பு, அசாதாரணமான சோர்வு, மலத்தில் இரத்தம்.

இவற்றுட் சில எளிதில் தீர்பவையே. காய்ச்சலுக்குப் பின் தட்டணுக்கள் குறைந்து சிவப்புப் புள்ளிகளோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆறு மாதங்களுக்குள் தாமாகவே நலமடைகிறார்கள். ஆனால் எது எளியது, எது இரத்தப்புற்றின் தொடக்கம் என்பதை வீட்டிலிருந்து பிரித்தறிய இயலாது.

அடுத்த முறை வரும்போது

மூன்று கேள்விகளை எழுதி எடுத்து வாருங்கள். ‘என் குழந்தையின் இரத்தம் ஏன் குறைந்திருக்கிறது? இந்த மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்போது, எப்படித் தெரிந்துகொள்வது? குடும்பத்தில் வேறு யாரேனும் சோதித்துக்கொள்ள வேண்டுமா?’ பழைய சீட்டுகளையும் உடன் கொண்டு வாருங்கள். அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் பல நோய்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கின்றன.

கூட்டம் மிகுந்த நாளில் இக்கேள்விகள் எங்களை எரிச்சலூட்டுமோ என்று தயங்காதீர்கள். நாங்கள் கேட்க மறந்ததை நீங்கள் கேட்கிறீர்கள். அந்தச் சிறுமியின் தாய்க்கு இப்போது இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை. சென்ற வாரம் தடுப்பூசிக்கு வந்தபோது, மகளின் இரத்தச் சீட்டுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கி எடுத்து வந்திருந்தார். பாட்டிதான் அதைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.